பைத்தான் லிஸ்ட்டில் தமிழ்ச் சொற்கள்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்க

ஊர்ப் பெயர்கள், மாணவர் பெயர்கள், அகராதிச் சொற்கள் என்று எதையாவது பைத்தான் நிரல்மொழியின் லிஸ்ட்டில் (பட்டியலில்) போட்டு வேலை செய்யத் தொடங்கியவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன். பிழை எப்படிக் கண்ணில் படுகிறதோ அந்த அறிகுறியையே தலைப்பாக வைத்து இதை எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அதனால் கீழே உள்ள வரிகளில் தமிழ்ப் பெயர்களும் குறிகளும் மட்டும் இருப்பவற்றை அப்படியே எடுத்து ஒட்டி ஓட்டிப் பார்க்கலாம். அப்பெண்ட், சார்ட், ஃபார் போன்றவை வரும் இடங்களில் மட்டும் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒன்றைச் செய்துவிடுங்கள். லிஸ்ட்டுக்குள் இருக்கும் சொல்லை பிரிண்ட் செய்யாமல், லிஸ்ட்டையே பிரிண்ட் செய்யுங்கள். சொல்லை மட்டும் பிரிண்ட் செய்தால் திரையில் அழகான "மதுரை" தெரியும். லிஸ்ட்டை பிரிண்ட் செய்தால், அந்த மதுரைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வரிமுறிவு, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி, மேற்கோள் குறிக்குள் எதுவுமே இல்லாத வெற்று ஸ்ட்ரிங் (எழுத்துச்சரம்) எல்லாம் வெளியே வந்துவிடும். பாதிப் பிழைகள் இந்த ஒரு வரியிலேயே பிடிபடும்.

சேர்த்த சொல் எழுத்தெழுத்தாக உடைந்து கிடக்கிறது

    ஊர்கள் = ["மதுரை", "கரூர்"]
    ஊர்கள் += "தேனி"

இப்போது லிஸ்ட்டில் எத்தனை இருக்கும்? மூன்று என்றுதான் தோன்றும். ஆறு இருக்கும்:

    ["மதுரை", "கரூர்", "த", "ே", "ன", "ி"]

ஒரு லிஸ்ட்டுக்கு += போட்டால், வலப்பக்கம் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துச் சேர்ப்பதுதான் அதன் வேலை. ஸ்ட்ரிங்கும் பிரிக்கக்கூடிய ஒன்றுதான் என்பதால் தேனி நான்கு துண்டாகப் போய்விட்டது. எக்ஸ்டெண்ட் மெதடும் இதையேதான் செய்யும். எரர் வராது என்பதுதான் இதில் ஆபத்து. += இல்லாமல் வெறும் + போட்டிருந்தால் டைப்எரர் வந்து பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, சொல்லைச் சதுர அடைப்புக்குள் வையுங்கள்: ஊர்கள் += ["தேனி"]. இன்னொன்று, ஊர்கள்.அப்பெண்ட்("தேனி"). நான் எப்போதும் அப்பெண்ட்தான் போடுவேன். படிக்கிறவருக்கு ஒரே ஒரு பொருள் சேருகிறது என்பது உடனே தெரியும்.

தே என்பது நமக்கு ஒரே எழுத்து. பைத்தானுக்கு அது இரண்டு: த, அதன்மேல் ஏகாரக் குறி. மெய்யெழுத்தின் புள்ளியும் தனியாகவே எண்ணப்படும். "கரூர்" என்பதற்கு லென் (நீளம்) கேட்டால் 5 என்று சொல்லும், நம் கணக்கில் 3. ஆகவே சொல்லின் முதல் எழுத்தை [0] என்று எடுத்துத் தலைப்பெழுத்தாக வைத்தால் தேனி த-வில் போய் உட்காரும், திருப்பிப் போட்டால் குறிகள் இடம்மாறிக் குதறிவிடும். உயிர்மெய்யைச் சிதைக்காமல் பிரிக்க ஓப்பன்-தமிழ் என்ற நூலகத்தில் கெட்_லெட்டர்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அது "தேனி"யை தே, னி என்று இரண்டாகத் தரும். தமிழில் எழுத்துக் கணக்கு பார்க்கும் எந்த நிரலுக்கும் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

லிஸ்ட் காணாமல் போய் நன் வந்து நிற்கிறது

நன் (None) என்றால் பைத்தானில் "எதுவுமில்லை" என்று பொருள். எரரில் நன்டைப் என்ற சொல்லைப் பார்த்தால், மேலே எங்கேயோ இப்படி ஒரு வரி இருக்கும்:

    ஊர்கள் = ஊர்கள்.அப்பெண்ட்("தேனி")

அப்பெண்ட், சார்ட், ரிவர்ஸ், எக்ஸ்டெண்ட், இன்செர்ட், ரிமூவ் ஆகியவை லிஸ்ட்டை அது இருக்கும் இடத்திலேயே மாற்றிவிட்டு நன் என்பதைத் திருப்பித் தரும். அந்த நன் உங்கள் பெயரில் வந்து உட்கார்ந்துவிட்டது. இடப்பக்கத்து "ஊர்கள் =" என்பதை நீக்கினால் போதும். வரிசைப்படுத்திய புதிய லிஸ்ட் வேண்டும், பழையதும் இருக்க வேண்டும் என்றால் சார்ட்டட் என்ற தனி ஃபங்ஷன் இருக்கிறது.

ஸ்ட்ரிங் மெதடுகள் நேர் எதிர். ஸ்ட்ரிப், ரீப்ளேஸ் போன்றவை பழைய ஸ்ட்ரிங்கைத் தொடவே தொடாது, புதியதைத் திருப்பித் தரும். அங்கே "சொல் =" போட மறந்தால் எதுவுமே நடக்காதது போல இருக்கும். ஸ்ட்ரிப் செய்தும் வரிமுறிவு போகவில்லை என்று சொல்கிறவர்களின் நிரலைத் திறந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இண்டெக்ஸ்எரர்: எல்லைக்கு வெளியே என்கிறது

    ஊர்கள் = []
    ஊர்கள்[0] = "மதுரை"

ஜாவாஸ்கிரிப்ட், பெர்ல், ரூபி ஆகியவற்றிலிருந்து வருகிறவர்கள் இதில் தடுமாறுவார்கள். அங்கெல்லாம் இல்லாத இடத்தில் எழுதினால் பட்டியல் தானாக நீளும். பைத்தானில் இருக்கும் இடத்தை மாற்றத்தான் [0] = பயன்படும், புதிய இடத்தை உண்டாக்க அப்பெண்ட்தான் வேண்டும். எத்தனை இடம் என்பது முன்பே தெரிந்தால் [""] * 10 என்று பத்து வெற்று ஸ்ட்ரிங்குகளோடு தொடங்கலாம்.

இதில் ஒரு சத்தமில்லாத வகையும் உண்டு. ஊர்கள்[-1] என்பது கடைசிச் சொல். கணக்குப் போட்டு வரும் எண் தவறி -1 ஆகிவிட்டால் எரர் வராது, கடைசி ஊர்தான் தவறாக மாறும். ஸ்ட்ரிங்கின் ஃபைண்ட் மெதட், தேடியது கிடைக்காவிட்டால் -1 தரும் என்பதால் அந்த விடையை அப்படியே இண்டெக்ஸாகப் போடுகிறவர்கள் இதில் மாட்டுகிறார்கள்.

ஒன்றை மாற்றினால் இன்னொன்றும் மாறுகிறது

    நகல் = ஊர்கள்
    நகல் += ["தேனி"]

ஊர்கள் லிஸ்ட்டிலும் தேனி வந்திருக்கும். முதல் வரி நகல் எடுக்கவே இல்லை. ஒரே வீட்டுக்கு இரண்டாவது பெயர்ப்பலகை மாட்டியது, அவ்வளவுதான். உண்மையான நகல் வேண்டுமென்றால்:

    நகல் = ஊர்கள்[:]

இதே இடத்தில் நகல் = நகல் + ["தேனி"] என்று எழுதியிருந்தால் ஊர்கள் மாறியிருக்காது. + புதிய லிஸ்ட்டைக் கட்டும், += இருக்கும் லிஸ்ட்டையே நீட்டும். இரண்டும் ஒன்றுதான், ஒன்று சுருக்கம் என்று நினைத்துக்கொண்டு இருந்தால் இந்தப் பிழையை நாள்கணக்கில் தேட வேண்டிவரும்.

இதன் தம்பி இன்னும் பொல்லாதவன்:

    மாவட்டங்கள் = [[]] * 3
    மாவட்டங்கள்[0] += ["மதுரை"]

விடை [["மதுரை"], ["மதுரை"], ["மதுரை"]]. பெருக்கல் மூன்று லிஸ்ட் செய்யவில்லை, ஒரே லிஸ்ட்டை மூன்று இடத்தில் காட்டுகிறது. [""] * 3 என்பதில் இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் ஸ்ட்ரிங்கை உள்ளுக்குள் மாற்ற முடியாது. உள்ளே லிஸ்ட் இருந்தால் மட்டும் [[], [], []] என்று தனித்தனியாக எழுதுங்கள், அல்லது லூப்பில் கட்டுங்கள். லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் இருக்கும்போது [:] நகலும் வெளி லிஸ்ட்டை மட்டுமே நகலெடுக்கும். அங்கே காப்பி மாட்யூலின் டீப்காப்பி வேண்டும்.

மூன்றாவது உருவம் ஃபங்ஷனில் வரும். டெஃப் சேர்(ஊர், பட்டியல்=[]) என்று எழுதினால், அந்த வெற்று லிஸ்ட் ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகும். முதல் அழைப்பில் மதுரையைச் சேர்த்தால், இரண்டாவது அழைப்பு தொடங்கும்போதே மதுரை அங்கே காத்திருக்கும். பட்டியல்=நன் என்று வைத்து, உள்ளே போனதும் நன் ஆக இருந்தால் புதிய லிஸ்ட் போடுவதே வழக்கம்.

நீக்கியும் சில மிஞ்சுகின்றன

வெற்று வரிகளை நீக்க லூப் போட்டீர்கள், ஓடியது, ஆனாலும் ஒன்று மிச்சம். கையாலேயே ஓட்டிப் பார்ப்போம்:

    வரிகள் = ["மதுரை", "", "", "கரூர்", ""]

இந்த லிஸ்ட்டின் மேலேயே ஃபார் லூப் ஓட்டி, வெற்றாக இருந்தால் வரிகள்.ரிமூவ்("") என்கிறோம். லூப் தன் கையில் வைத்திருப்பது இட எண் மட்டுமே. 0-ஆம் இடம் மதுரை, விட்டுவிடுகிறது. 1-ஆம் இடம் வெற்று, நீக்குகிறது. நீக்கியதும் பின்னால் இருப்பவை எல்லாம் ஓரிடம் முன்னால் நகர்ந்துவிடுகின்றன: இரண்டாவது வெற்று ஸ்ட்ரிங் 1-ஆம் இடத்துக்கு வந்துவிட்டது. லூப்போ 2-க்குப் போய்விட்டது, அங்கே கரூர். அடுத்து 3-ஆம் இடம், வெற்று. ரிமூவ் அந்த இடத்தில் இருப்பதை நீக்காது, முதலில் கண்ணில் படுவதை நீக்கும், அதாவது தப்பிய அந்த 1-ஆம் இடத்தை. கடைசியில் கையில் இருப்பது ["மதுரை", "கரூர்", ""].

ஓடிக்கொண்டிருக்கும் லிஸ்ட்டில் கைவைக்காதீர்கள். வேண்டியதை மட்டும் எடுத்துப் புதியதைக் கட்டுங்கள்:

    வரிகள் = [வரி ஃபார் வரி இன் வரிகள் இஃப் வரி]

வெற்று ஸ்ட்ரிங் பொய்யாகக் கருதப்படும் என்பதால் "இஃப் வரி" என்பதே போதும். அதே லிஸ்ட்டை வேறு இடத்திலும் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் இடப்பக்கம் வரிகள்[:] என்று எழுதுங்கள், அவர்களுக்கும் மாற்றம் போய்ச் சேரும்.

லிஸ்ட்டில் இருக்கிற சொல்லை "இல்லை" என்கிறது

என்னை மிக அதிகமாக அலைக்கழித்தது இதுதான். மூன்று பேர் தனித்தனியே தட்டச்சு செய்த முகவரிப் பட்டியல்களை ஒன்றுசேர்த்து, ஊர்வாரியாக எண்ணினேன். கரூர் இரண்டு முறை வந்தது, தனித்தனி எண்ணிக்கையோடு. பொள்ளாச்சியும் இரண்டு. திரையில் இரண்டையும் அருகருகே வைத்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசமே தெரியவில்லை.

கண்ணை நம்பாமல் எண்ணைக் கேளுங்கள். ஆர்ட் என்ற ஃபங்ஷன் ஒவ்வொரு குறியீட்டின் யுனிகோட் எண்ணையும் (உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக வைத்த எண்) தரும்:

    [ஆர்ட்(எ) ஃபார் எ இன் சொல்]

வரும் எண்களை வைத்து நோயைச் சொல்லிவிடலாம்.

கடைசியில் 10 இருந்தால் வரிமுறிவு. ஃபைலிலிருந்து வரி வரியாகப் படித்தால் ஒவ்வொன்றின் வாலிலும் இது இருக்கும். 160 இருந்தால் வலைப்பக்கத்திலிருந்து ஒட்டும்போது வந்த முறியா இடைவெளி. இவை ஓரங்களில் இருந்தால் ஸ்ட்ரிப் இரண்டையும் போக்கும்.

8203, 8204 இருந்தால் அகலமே இல்லாத குறிகள். சில விசைப்பலகைகளும் வலைத்தளங்களும் இவற்றை இடையில் செருகிவிடும். ஸ்ட்ரிப் இவற்றை இடைவெளியாகக் கருதாது, ஓரத்தில் இருந்தாலும் விட்டுவிடும். ரீப்ளேஸ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

முதல் சொல்லில் மட்டும், அதுவும் தொடக்கத்தில் 65279 இருந்தால் அது பிஓஎம் என்ற ஃபைல் தலைக்குறி. எக்செல்லில் யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்று சேமித்தால் அது சேர்ந்துவரும். ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங்கை "யுடிஎஃப்-8-சிக்" என்று கொடுத்தால் தானாக விழுங்கப்படும்.

என் பொள்ளாச்சியில் நடந்தது வேறு. ஒருவர் பட்டியலில் பொ என்பது ப, 3018 என்று இருந்தது. இன்னொருவருடையதில் ப, 3014, 3006. அதாவது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. யுனிகோட்டின்படி இரண்டும் ஒன்றுக்கொன்று சமம், ஆனால் பைத்தானின் == எண்களை மட்டுமே ஒப்பிடும். இதற்கு யுனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறது. "என்எஃப்சி" என்று கொடுத்தால் 3014, 3006 இரண்டும் 3018 ஆகச் சேரும். லிஸ்ட்டில் சேர்க்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும், தேடும் சொல்லுக்கும் செய்ய வேண்டும்.

கரூருக்கு அதுவும் போதவில்லை. ர் என்று தட்ட வேண்டிய இடத்தில் மூவரில் ஒருவர் காலைத் தட்டி அதன்மேல் புள்ளி வைத்திருந்தார்: "கரூா்". பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். வலையில் "அவா்" என்று தேடிப் பாருங்கள், இந்தப் பழக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரியும். யுனிகோட் கணக்கில் இவை சமமானவை அல்ல, ஆகவே நார்மலைஸ் தொடாது. நல்லவேளையாகத் தமிழில் காலுக்குப் பின் புள்ளி வரவே வராது. அதனால் 3006, 3021 என்ற இணையை எங்கே கண்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ர் என்று மாற்றலாம்:

    சொல் = சொல்.ரீப்ளேஸ்("ா்", "ர்")

ஆனால் இதே துணிச்சலை ஔகாரத்தில் காட்டாதீர்கள். கௌரியை கெ, ளரி என்று தட்டச்சுகிறவர்கள் நிறையப் பேர்: "கெளரி". இங்கே ளகரம் உண்மையான ளகரமாகவே, 2995 என்ற எண்ணோடு, உட்கார்ந்திருக்கும். ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரமாக மாற்றினால் தெளிவு, வெள்ளம், வெளியூர் எல்லாம் கெட்டுப்போகும். கௌரி, சௌந்தரம், மௌனம் என்று தெரிந்த சொற்களின் சிறு பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அவற்றை மட்டும் மாற்றுவதுதான் நான் செய்வது.

இரண்டு சொல் ஒட்டி ஒன்றாகிவிட்டது

    ஊர்கள் = ["மதுரை", "கரூர்" "தேனி", "வேலூர்"]

கரூருக்குப் பின் கமா இல்லை. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஸ்ட்ரிங்குகளைப் பைத்தான் தானே ஒட்டிவிடும், "கரூர்தேனி" என்ற ஊர் பிறந்துவிடும். வரிக்கு ஒரு சொல் எழுதி, கடைசிச் சொல்லுக்குப் பின்னும் கமா வையுங்கள். அது தவறாகாது, நாளை இன்னொரு வரி சேர்க்கும்போது இந்தப் பிழையும் வராது.

ஜாயின் செய்யும்போது டைப்எரர் வந்தால், லிஸ்ட்டில் எங்கோ ஸ்ட்ரிங் அல்லாத ஒன்று, பெரும்பாலும் ஓர் எண், கலந்திருக்கிறது. எத்தனையாவது இடத்தில் என்பதை எரரே சொல்லும், 0-இலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

அகரவரிசை தமிழ் வரிசையாக இல்லை

சார்ட் செய்தால் மன்னார்குடி முதலிலும் மயிலாடுதுறை பிறகும் வருகிறது. அகராதிப்படி மயிலாடுதுறைதான் முன்னால் வர வேண்டும், னகரம் மெய் வரிசையில் கடைசி அல்லவா? யுனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே இருக்கிறது, றகரம் ரகரத்துக்கு அடுத்து, ளகரம் ழகரத்துக்கு முன். அதனால்தான் வழுவூருக்கு முன்னால் வள்ளியூர் வந்து நிற்கிறது. ஜகரமும் சகரத்தை ஒட்டியே இருப்பதால் ஜெயங்கொண்டம் தஞ்சாவூரை முந்திவிடும். சார்ட் பார்ப்பது இந்த எண்களைத்தான்.

நம் வரிசையை நாமே சொல்லிக்கொடுக்கலாம்:

    வரிசை = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔஃகஙசஞடணதநபமயரலவழளறனஜஶஷஸஹ"

இதன் வாலில் உயிர்க்குறிகளைக் கால் முதல் ஔகாரக் குறி வரை வரிசையாகவும், அவற்றுக்குப் பின் புள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் இந்த வரிசையில் அதன் எழுத்துகள் இருக்கும் இட எண்களைத் திறவுகோலாகக் கொடுங்கள்:

    ஊர்கள்.சார்ட்(கீ=லாம்டா சொல்: [வரிசை.ஃபைண்ட்(எ) ஃபார் எ இன் சொல்])

இடைவெளி போன்றவை வரிசையில் இல்லாததால் -1 பெற்று முன்னால் வரும், அது நமக்குச் சாதகம். மெய்யை உயிர்மெய்க்கு முன் வைக்கும் வழக்கத்தைப் பின்பற்றுகிறவர் என்றால் புள்ளியை வாலிலிருந்து எடுத்துத் தொடக்கத்தில் வையுங்கள். நார்மலைஸ் செய்யாத பொள்ளாச்சி இங்கேயும் தொல்லை தரும்: பொ என்பதைப் பெ என்று எடுத்துக்கொண்டு பெரியகுளத்தோடு போய்ச் சேரும். பெரிய வேலைகளுக்கு, பல மொழிகளின் அடுக்கு விதிகளையும் அறிந்த பைஐசியு நூலகத்தைப் பயன்படுத்தலாம்.

லிஸ்ட் பெரிதானதும் நிரல் நகர மறுக்கிறது

அப்பெண்ட்டைச் சந்தேகப்பட வேண்டாம். இடம் தீரும்போதெல்லாம் பைத்தான் தேவைக்குமேல் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளும், அதனால் லட்சம் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தாலும் தாங்கும். தாமதம் வேறு இரண்டு இடங்களில் இருக்கும்.

ஒன்று, இன்செர்ட்(0, சொல்) அல்லது பாப்(0). ஒவ்வொரு முறையும் மொத்த லிஸ்ட்டும் ஓரிடம் நகர வேண்டும். முன்பக்கம் வேலை இருந்தால் கலெக்ஷன்ஸ் மாட்யூலின் டெக் (deque, இரு முனையிலும் வேகமாகச் சேர்க்கவும் எடுக்கவும் உதவும் பட்டியல்) எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, லூப்புக்குள் "இந்தச் சொல் லிஸ்ட்டில் ஏற்கெனவே இருக்கிறதா" என்று கேட்பது. இல்லாத சொல்லுக்கு லிஸ்ட் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். ஐம்பதாயிரம் தனித்தனிச் சொற்களை இப்படி ஒன்றோடொன்று ஒப்பிட்டால் நூறு கோடிக்கும் மேல் ஒப்பீடுகள். தேடுவதற்கு மட்டும் பக்கத்தில் ஒரு செட் (ஒரே சொல் இருமுறை வராத தொகுப்பு) வைத்துக்கொண்டால் அந்த நேரம் கரைந்துவிடும். இரட்டைகளை நீக்குவது மட்டுமே நோக்கம் என்றால் டிக்ட்.ஃப்ரம்கீஸ்(ஊர்கள்) என்பதை மறுபடி லிஸ்ட்டாக்குங்கள். பைத்தான் 3.7 முதல் சொற்கள் நுழைந்த வரிசை மாறாமல் கிடைக்கும். வெறும் செட்டில் அந்த வரிசை கலைந்துவிடும். எதைச் செய்தாலும் நார்மலைஸும் ரகரத் திருத்தமும் அதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கரூர்களும் அப்படியே தங்கிவிடும்.